எதனால் வகுத்தீர்கள்?



முதலில் ஒரு சமையலறைக் கேள்வி. பச்சைப்பயறை ஊறவைத்து முளைகட்டினால் அதிலுள்ள புரதம் கூடுமா, குறையுமா? வீட்டில் பாட்டியைக் கேளுங்கள். ‘கூடும்’ என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். இப்போது உணவுச் சத்து அட்டவணை ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். 100 கிராம் உலர்ந்த பச்சைப்பயறில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் இருக்கிறது. நீளமாக முளைவிட்ட பயறு 100 கிராமில் இருப்பதோ சுமார் 3 கிராம்தான்! எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதே! அப்படியானால் பாட்டி சொன்னது தவறா?

சற்றுப் பொறுங்கள். நன்கு முளைத்த பயறில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரை நீக்கிவிட்டுக் கணக்குப் போடுவோம். உலர்ந்த பயறிலும் நூற்றுக்கு 9 பங்கு ஈரம் உண்டு. எஞ்சிய 91 கிராமில் 24 கிராம் புரதம் என்றால் நூற்றுக்கு 26. முளைப்பயறில் எஞ்சுவது 10 கிராம். அதில் 3 கிராம் புரதம் என்றால் நூற்றுக்கு 30. இப்போது புரதம் கூடிவிட்டது! காரணம் என்ன? முளைக்கும்போது விதை சுவாசிக்கிறது. தன்னிடமுள்ள மாவுப்பொருளில் ஒரு பகுதியை எரித்துக் கரியமில வாயுவாக வெளியே விடுகிறது. மாவு குறைவதால் புரதத்தின் விகிதம் உயர்கிறது.

இன்னும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. ஒரு விதைக்கு எவ்வளவு புரதம் என்று கேட்டால்? புரதம் உண்டாக நைட்ரஜன் வேண்டும். வெறும் தண்ணீரில் முளைக்கும் விதைக்கு வெளியிலிருந்து நைட்ரஜன் கிடைப்பதில்லை. ஆகவே இருக்கிற புரதம் சிதைந்து வேறு வடிவம் பெறலாமே தவிர, ஒரு விதையிலுள்ள மொத்தம் கூட வழியில்லை.

ஒரே பயறு, ஒரே புரதம். ஈரத்தோடு கூடிய எடையால் வகுத்தால் குறைந்தது. உலர்ந்த எடையால் வகுத்தால் கூடியது. விதைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கூடவில்லை. மூன்றுமே உண்மை! பின்னத்தின் மேலே உள்ள தொகுதி மாறவில்லை; கீழே உள்ள பகுதி மட்டுமே மாறியது.

அளவைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, ‘எதனால் வகுத்தீர்கள்?’ என்பதுதான். இந்தக் கேள்விக்குப் பெரிய ஆய்வுக்கூடங்களிலும் பல வேளைகளில் சிந்தித்து விடை தருவதில்லை. வழக்கத்தால் விடை தருகிறார்கள். அது சரியல்ல என்பது என் கருத்து. புரதங்களை ஆராய்வோர் அன்றாடம் கையாளும் ஒரு முறையைக் கொண்டே இதை விளக்க விரும்புகிறேன்.

கஞ்சியிலிருந்து பிறந்த முறை

புரத மூலக்கூறுகள் மின்சுமை தாங்கியவை. ஆகவே ஒரு கரைசலில் மின்னோட்டத்தைச் செலுத்தினால் அவை நகரும். சுவீடன் நாட்டு உப்சலா பல்கலைக்கழகத்தில் ஆர்னே டிசேலியஸ் 1937-ஆம் ஆண்டில் இந்தத் தத்துவத்தைக் கொண்டு குருதிநீரிலுள்ள புரதங்களைப் பிரித்துக் காட்டினார். 1948-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

பின்னர் கனடாவின் டொரான்டோ நகரில் ஆலிவர் ஸ்மிதீஸ் என்ற இளம் ஆய்வாளர் இன்சுலின் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் பயன்படுத்திய வடிதாளில் இன்சுலின் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. அப்போது அவருக்குத் தம் சிறுவயது நினைவு ஒன்று வந்தது. தந்தையின் சட்டைகளுக்கு அன்னை கஞ்சி போடுவார். மீந்த கஞ்சி ஆறியதும் பாளமாக உறைந்துவிடும். நம் வீட்டிலும் வேட்டிக்குப் போடும் கஞ்சி இப்படி உறைவதைக் கண்டிருக்கிறோம் அல்லவா? ‘தாளுக்குப் பதில் இந்தப் பாளத்தினூடே புரதத்தை நகரவிட்டால் என்ன?’ என்று அவர் எண்ணினார். 1955-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய கட்டுரை, ஐந்து பிரிவுகளாக அறியப்பட்டிருந்த குருதிநீர்ப் புரதங்களைப் பத்துக்கும் மேற்பட்ட பட்டைகளாகப் பிரித்துக் காட்டியது.

இவ்வாறு பாளத்தினூடே மின்சாரத்தால் பிரிப்பதைக் கூழ்ம மின்னாற்பிரிப்பு என்கிறோம். ஜெல் எலக்ட்ரோஃபோரெசிஸ் என்பதும் இதுவே. நாளடைவில் கஞ்சிப் பாளத்தின் இடத்தைப் பாலிஅக்ரிலமைடு என்ற செயற்கைக் கூழ்மம் பிடித்துக்கொண்டது. ஷாம்புவிலும் பற்பசையிலும் நுரைக்காகச் சேர்க்கப்படும் சோடியம் டோடெசில் சல்ஃபேட் என்ற அழுக்குநீக்கியும் உடன் சேர்ந்தது. இது புரதத்தின் மடிப்புகளைக் குலைத்து, அதன் மேல் நெடுகப் படிந்து, எல்லாப் புரதங்களுக்கும் எதிர்மின்சுமையை ஏற்றிவிடும். பிறகு நகர்ச்சியைத் தீர்மானிப்பது உருவ அளவே. திருவிழாக் கூட்டத்தில் சிறுவன் இடுக்குகளில் புகுந்து முன்னே ஓடிவிடுவான். பருத்த மனிதர் பின்தங்குவார். அதுபோலச் சிறிய புரதம் பாளத்தின் அடிக்கு விரையும். பெரியது மேலேயே தங்கும். இன்றும் ஆய்வுக்கூடங்களில் வழங்கும் செய்முறையை 1970-ஆம் ஆண்டில் உல்ரிக் லெம்லி வகுத்துத் தந்தார்.

பிரிந்த புரதங்களைக் கண்ணுக்குக் காட்டுவது சாயம். அவற்றுள் புகழ்பெற்றது குமாசி நீலம். இது முதலில் கம்பளிக்கு ஏற்றிய சாயம். இப்போது கானா நாட்டிலுள்ள குமாசி நகரை ஆங்கிலேயர் 1896-ஆம் ஆண்டில் கைப்பற்றியதை நினைவூட்டி இந்த வணிகப் பெயரை வைத்தார்கள். ஆயிரம் புரதங்களுக்கு நடுவே ஒன்றே ஒன்றை மட்டும் காண வேண்டுமென்றால் சாயம் போதாது. 1979-ஆம் ஆண்டு முதல் அதற்கும் வழி உண்டு. கூழ்மத்திலிருந்து புரதங்களை மெல்லிய சவ்வு ஒன்றுக்கு மாற்றி, நாம் தேடும் புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை ஊற்றி, அது இருக்குமிடத்தை ஒளிரச் செய்து, படலத்தில் கறுப்புப் பட்டையாகப் பதிவு செய்வார்கள். இதற்கு ‘வெஸ்டர்ன் பிளாட்’ என்று பெயர்.

கருமை எதைச் சொல்கிறது?

நோயாளி ஒருவரின் திசு, நோயற்றவரின் திசு. இரண்டையும் அருகருகே உள்ள இரு தடங்களில் ஓடவிடுகிறோம். முதல் தடத்துப் பட்டை கறுப்பாகவும் இரண்டாவது வெளிறியும் தெரிகின்றன. ‘நோயில் இந்தப் புரதம் மிகுந்திருக்கிறது’ என்று சொல்லிவிடலாமா?

கூடாது. கருமை பல காரணங்களால் வரும். முதல் திசுவில் செல்கள் கூடுதலாக இருந்திருக்கலாம். நுண்குழலால் குழியில் ஊற்றும்போது ஒரு துளி கூடியிருக்கலாம். சவ்வுக்கு மாறும்போது ஒரு மூலையில் காற்றுக்குமிழி தடுத்திருக்கலாம். ஆகவே பட்டையின் கருமையை அளந்து, அந்தத் தடத்தில் எவ்வளவு பொருள் இருந்தது என்பதைக் குறிக்கும் வேறோர் எண்ணால் வகுக்க வேண்டும். இதைத்தான் இயல்பாக்கம் என்கிறோம்.

அதற்கும் முன்பு, புரதமே இல்லாத இடத்தில் தெரியும் மங்கலைக் கழித்துவிட வேண்டும். எண்ணெய்க் கடைக்காரர் வெறும் பாத்திரத்தை முதலில் நிறுத்து, அந்த எடையைக் கழிப்பது போல!

இவ்வளவும் எளிதாகவே தோன்றும். எந்த எண்ணால் வகுப்பது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. நெடுநாளாக இருந்துவரும் வழக்கம் இது: ஆக்டின், டியூபுலின் போன்ற சில புரதங்கள் எல்லாச் செல்களிலும் உண்டு. அவை வீட்டுப் பராமரிப்புப் புரதங்கள். எந்த நிலையிலும் அளவு மாறாதவை என்று எண்ணி, அவற்றுள் ஒன்றின் பட்டையால் வகுத்துவிடுவார்கள். இரண்டு தடங்களிலும் ஆக்டின் பட்டை சமமாகத் தெரிந்தால் ஒப்பீடு நியாயமானது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

என் பட்டைகள் சொன்ன பொய்

இந்த வழக்கத்தை நானும் நம்பியவன்தான். நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, நன்கு உண்ட எலிகளின் கல்லீரலையும் பட்டினி கிடந்த எலிகளின் கல்லீரலையும் ஒப்பிட்டு, ஒரு நொதியின் அளவைத் தேடினேன். பட்டினியில் உடல் எதை விட்டுக்கொடுக்கிறது, எதைக் காத்துக்கொள்கிறது என்பதே கேள்வி. எனக்குக் கிடைத்த விடையை, உங்களுக்கு எளிதாக இருக்கும்படி முழு எண்களாக்கித் தருகிறேன்.

உண்ட எலியின் தடத்தில் நொதிப் பட்டையின் கருமை 1200. பட்டினி எலியின் தடத்தில் 900. இரண்டிலும் ஆக்டின் கருமை 2000. வகுத்தால் 0.6, 0.45. ஆக, பட்டினியில் நொதி நூற்றுக்கு 25 பங்கு குறைகிறது! ஆக்டின் பட்டைகள் இரண்டும் மை வைத்தாற்போல் ஒரே மாதிரி இருந்தன. வழிகாட்டிப் பேராசிரியருக்கு மகிழ்ச்சி. கட்டுரையின் முதல் வரைவும் தயாராயிற்று.

அந்த வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவி என் படலத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “அண்ணா, இந்த ஆக்டின் இதற்குமேல் கறுப்பாக முடியுமா?” என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கறுப்புக்கு மேல் கறுப்பு ஏது? சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது!

அன்றிரவே ஒரே கல்லீரல் சாற்றை 2, 4, 8, 16 மைக்ரோகிராம் என்று நான்கு குழிகளில் இட்டு ஓடவிட்டேன். பொருள் இரட்டிப்பானால் கருமையும் இரட்டிப்பாக வேண்டும். நொதிப் பட்டை அவ்வாறே ஏறியது. ஆக்டினோ 4 மைக்ரோகிராமைத் தாண்டியதும் ஒரே கறுப்பு! செல்லில் ஆக்டின் மிக மிகுதி. படலம் தாங்கும் கருமைக்கோ எல்லை உண்டு. நிரம்பிவிட்ட குடத்தில் எத்தனை சொம்பு ஊற்றினாலும் மட்டம் ஏறாது. அந்த மட்டத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினார்கள் என்று சாட்சி சொல்ல முடியுமா?

மறுநாள் சவ்வு முழுவதையும் போன்சோ என்ற சிவப்புச் சாயத்தில் நனைத்து, ஒவ்வொரு தடத்திலும் உள்ள எல்லாப் புரதங்களையும் சேர்த்து அளந்தேன். உண்ட எலித் தடத்தில் 20 மைக்ரோகிராம். பட்டினி எலித் தடத்தில் 12 மைக்ரோகிராம்தான்! அந்தச் சாறு பிசுபிசுப்பாக இருந்ததால் நுண்குழலின் சுவரில் ஒட்டிக்கொண்டு, முழுதாகக் குழிக்குள் இறங்கவில்லை. இப்போது வகுத்துப் பாருங்கள். 1200-ஐ 20-ஆல் வகுத்தால் 60. 900-ஐ 12-ஆல் வகுத்தால் 75. நூற்றுக்கு 25 பங்கு குறைந்ததாக நான் எழுதிவைத்த நொதி, நூற்றுக்கு 25 பங்கு கூடியிருந்தது!

நான் ஓர் எண்ணையும் திருத்தவில்லை. எந்தப் படத்தையும் மாற்றவில்லை. எல்லோரும் செய்வதையே செய்தேன். ஆயினும் என் கட்டுரை உண்மைக்கு நேர் எதிரானதைச் சொல்லியிருக்கும். பேராசிரியரிடம் போய்ச் சொல்வதற்குள் நாக்கு உலர்ந்துவிட்டது. அவர் வரைவை வாங்கி இழுப்பறையில் வைத்துவிட்டு, “முதலிலிருந்து செய்” என்று மட்டும் சொன்னார். ஐந்து மாத உழைப்பு வீணாயிற்று. சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது; அதை நம்பி வேறு யாரோ ஐந்து ஆண்டுகளை வீணாக்கியிருப்பார்கள்.

படியே சுருங்கினால்?

பட்டை நிரம்பிவிடுவது ஒரு தொல்லை. வகுக்கும் புரதமே மாறிவிடுவது அதைவிடப் பெரிய தொல்லை. அரிசி அளக்கும் படி வெயிலில் சுருங்கி மழையில் விரியும் என்றால், அந்தக் கடையில் யார் அரிசி வாங்குவார்கள்?

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் கால்சிசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. அளவோடு கொடுத்தால் அதுவே மூட்டுவலி நோய் ஒன்றுக்கு மருந்து. செல்லினுள் அது பற்றிக்கொள்வது டியூபுலின் என்ற புரதத்தையே. டியூபுலின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து நுண்குழல்களாகச் செல்லைத் தாங்கி நிற்கின்றன. கால்சிசின் அந்தக் கோப்பைக் குலைக்கிறது. உடனே தனித்த டியூபுலின் மிகுந்துவிடுவதால், செல் புதிய டியூபுலின் தயாரிப்பைக் குறைத்துக்கொள்கிறது. இப்போது கால்சிசின் கொடுத்த செல்லையும் கொடுக்காத செல்லையும் ஒப்பிட, டியூபுலினாலேயே வகுத்தால் என்னவாகும்? மருந்து மாற்றிய பொருளைக் கொண்டே மருந்தின் விளைவை அளக்கிறோம்! திருடனையே காவலுக்கு வைத்த கதைதான்.

மற்றவையும் இப்படித்தான். சர்க்கரையைச் சிதைக்கும் வினையில் பங்குகொள்ளும் கிளிசரால்டிஹைடு பாஸ்ஃபேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியையும் ‘மாறாப் புரதம்’ எனப் பலர் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஆக்சிஜன் குறையும்போது சில செல்களில் அதன் அளவு உயர்கிறது. தசை வளரும்போதும் மெலியும்போதும் ஆக்டின் அளவு மாறக்கூடும். செல்லில் எந்தப் புரதமும் ஆய்வாளருக்கு அளவுகோலாக இருப்பதற்கென்று பிறக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் சொந்த வேலை இருக்கிறது. வேலை மாறினால் அளவும் மாறும்.

அப்படியானால் என்ன செய்வது?

என் கருத்தில் செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது, தனி ஒரு புரதத்தை நம்புவதை விட்டு, தடம் முழுவதிலும் உள்ள மொத்தப் புரதத்தால் வகுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான புரதங்களில் சில கூடினாலும் சில குறைந்தாலும் கூட்டுத்தொகை எளிதில் அசையாது. ஒரு மாணவனின் மதிப்பெண்ணைக் கொண்டு வகுப்பை எடைபோடுவதைவிட வகுப்பு முழுவதன் கூட்டுத்தொகை மேலல்லவா? புரத ஆய்வுகளை வெளியிடும் பழம்பெரும் அமெரிக்க இதழான ‘ஜர்னல் ஆஃப் பயாலஜிக்கல் கெமிஸ்ட்ரி’, 2015-ஆம் ஆண்டில் தன் ஆசிரியர்களுக்கு இதே அறிவுரையைக் கூறியது.

இரண்டாவது, அளக்கும் முன்பு அளவுகோலைச் சோதிக்க வேண்டும். ஒரே சாற்றைப் படிப்படியாகக் கூட்டி ஓடவிட்டு, பொருள் இரட்டிப்பாகும்போது அளவீடும் இரட்டிப்பாகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் வேலை. ஐந்து மாதங்களைக் காப்பாற்றும். இதைச் செய்யாத ஆக்டின் பட்டை வெறும் அலங்காரம்.

மூன்றாவது, எதனால் வகுப்பது என்பதை ஆய்வைத் தொடங்கும் முன்பே முடிவு செய்து, கட்டுரையில் வெளிப்படையாக எழுத வேண்டும். விடையைப் பார்த்த பிறகு வகுக்கும் எண்ணைத் தேடினால், நாம் விரும்பும் விடையைத் தரும் எண்தான் கையில் அகப்படும். மனித மனம் அப்படிப்பட்டது.

‘மொத்தப் புரதம் மட்டும் மாறாதா?’ என்று உங்களில் யாரேனும் கேட்டால் நான் மகிழ்வேன். மாறும்! என் எலிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டினியில் கல்லீரலே சுருங்குகிறது; அதன் மொத்தப் புரதமும் குறைகிறது. அது ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாக வைத்துக்கொள்வோம். உண்ட எலியிடம் 100 பங்கு புரதம், பங்குக்கு நொதி 60, ஆக 6000. பட்டினி எலியிடம் 80 பங்கு, பங்குக்கு 75, அதுவும் 6000! முழுக் கல்லீரலுக்கு என்று கணக்கிட்டால் நொதி கூடவுமில்லை, குறையவுமில்லை. மற்றவை கரைந்துபோக, இது மட்டும் காக்கப்பட்டிருக்கிறது. பச்சைப்பயறின் கதையே மீண்டும் வந்துவிட்டது பார்த்தீர்களா?

செல் ஒன்றுக்கு எவ்வளவு என்று அறிய வேண்டுமானால் டி.என்.ஏ. அளவால் வகுக்கலாம். ஓர் உயிரினத்தின் வெவ்வேறு திசுக்களிலும் செல் ஒன்றிலுள்ள டி.என்.ஏ. ஏறக்குறைய ஒரே அளவே என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1948-ஆம் ஆண்டில் காட்டினார்கள். ஆகவே எல்லாக் கேள்விக்கும் பொருந்தும் ஒரே வகுக்கும் எண் கிடையாது. நாம் கேட்கும் கேள்வி எதுவோ, அதுவே வகுக்கும் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறது. மொத்தப் புரதத்தை நான் பரிந்துரைப்பது அது குறையற்றது என்பதற்காக அன்று. ‘எதனோடு ஒப்பிடுகிறோம்’ என்று நம்மை நினைக்க வைப்பதற்காகவும்தான். ஆக்டின் பட்டையை ஒட்டிவிட்டு நகர்பவருக்கு அந்த நினைப்பே எழுவதில்லை.

‘இதெல்லாம் கூடுதல் செலவு, பழைய ஆய்வுகளோடு ஒப்பிடவும் முடியாதே’ என்று சில மூத்த ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. சிவப்புச் சாயம் விலை மிகக் குறைவு. தண்ணீரில் கழுவினால் போய்விடும். அதே சவ்வில் எதிர்ப்பொருளையும் பயன்படுத்தலாம். பழையவற்றோடு ஒப்பிட வேண்டுமானால் இரண்டு எண்களையும் கொடுக்கலாமே! தவறான படியால் நெடுநாள் அளந்துவிட்டோம் என்பது, இனியும் அதே படியால் அளப்பதற்குக் காரணமாகாது.

வகுக்கும் எண்ணுக்கு ஒரு மரியாதை

விஞ்ஞான உலகில் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் எவை? 2014-ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழ் ஒரு பட்டியல் வெளியிட்டது. ஐன்ஸ்டீனின் சார்பியல் கட்டுரையோ, டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளை அறிவித்த கட்டுரையோ முதலிடத்தில் இருக்கும் என்று எண்ணுவீர்கள். இல்லை. முதலிடம், ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையைச் சொல்லும் லோரியின் 1951-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு! மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். இரண்டாமிடம், நாம் மேலே கண்ட லெம்லியின் கூழ்ம முறைக்கு. மூன்றாமிடம், குமாசி நீலத்தால் புரதத்தை அளக்கும் பிராட்ஃபோர்டின் 1976-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு.

முதல் மூன்றில் இரண்டு கட்டுரைகள், வகுக்கும் எண்ணைக் கண்டுபிடிக்கப் பெரிதும் பயன்படுபவை! பின்னத்தின் கீழே அமைதியாக உட்கார்ந்திருக்கும் எண்ணுக்கு ஆய்வாளர்கள் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அந்த முறைகளுக்கும் வரம்பு உண்டு. பிராட்ஃபோர்டின் சாயம் எல்லாப் புரதங்களோடும் ஒரே மாதிரி சேர்வதில்லை; ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை மிகவும் விரும்பும். ஒப்பிடுவதற்கு வழக்கமாக வைக்கும் மாட்டுக் குருதி ஆல்புமின் மற்றப் பல புரதங்களைவிடக் கூடுதல் நீலம் தரும். அழுக்குநீக்கி கலந்திருந்தால் கணக்கே பிசகும். வகுக்கும் எண்ணையும் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

நமக்கு என்ன?

எங்கள் பள்ளியில் கூழ்மமும் இல்லை, எதிர்ப்பொருளும் இல்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். தேவையில்லை. இரு தொட்டிகளில் செடி வளர்த்து, ஒன்றுக்கு மட்டும் உரமிட்டு, எதில் காய் மிகுதி என்று பார்க்கிறீர்கள். ஒரு தொட்டியில் ஐந்து செடி, இன்னொன்றில் மூன்று செடி என்றால் எதனால் வகுப்பீர்கள்? செடியாலா, இலைப்பரப்பாலா, ஊற்றிய தண்ணீராலா? ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்கு விடை. இதை ஒருமுறை செய்து பார்த்தவருக்கு என் ஆக்டின் கதை வெறும் கதையாக இருக்காது.

நம் பள்ளிகளைப் பற்றியும் ஒரு சொல். செய்முறைப் பதிவேட்டில் சரியான விடை வந்தால் முழு மதிப்பெண். அந்த விடை எப்படி வந்தது, எதோடு ஒப்பிட்டது, அளவீட்டுக் கருவி சோதிக்கப்பட்டதா என்று கேட்பவர் குறைவு. ஆகவே விடை தெரிந்த பிறகு அளவீடுகளைப் பின்னாலிருந்து நிரப்பும் பழக்கம் மாணவர்களுக்கு வந்துவிடுகிறது. அந்தப் பழக்கமே வளர்ந்து ஆய்வுக்கூடத்துக்குள் நுழைகிறது. பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ‘எதனால் வகுத்தேன், ஏன்?’ என்று ஒரு வரி எழுதச் சொல்லி, அதற்கும் மதிப்பெண் கொடுத்தால் என்ன? ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ‘இந்தச் சத்துமாவில் இரு மடங்கு புரதம்’ என்று விளம்பரம் வந்தால் கேளுங்கள்: எத்தனை கிராமுக்கு? ‘எங்கள் மாவட்டத்தில் நோயாளிகள் குறைவு’ என்றால் கேளுங்கள்: எத்தனை பேரைச் சோதித்ததில்? நண்பர்களே, கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். என் படலத்தைப் பிடித்துப் பார்த்த அந்த மாணவி கூச்சப்பட்டிருந்தால், ஒரு பொய் இன்றும் அச்சில் இருந்திருக்கும். அதன் கீழே என் பெயரும் இருந்திருக்கும்.